மூவாயிரம் மீட்டரில் ஏழாவதாக வந்த பிள்ளை

சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,



பனியே விழாத நம் சமவெளியில் இருந்துகொண்டு, பனிமேல் நெடுந்தூரம் சறுக்கி ஓடும் ஒரு விளையாட்டைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் வீரர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று சில காலமாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க, அவர்களுடைய கதையில் பனிக்கு உள்ள பங்கைவிடச் சின்ன வயதில் ஓடிய ஓட்டத்துக்கு உள்ள பங்கு பெரிதாகத் தெரிகிறது. அந்த ஓட்டம் நடக்கிற மைதானம் நம் ஊரில் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு மீட்டரில் பின்தங்கிப் போய், மூவாயிரம் மீட்டரில் ஏழாவதாக வந்து, ஓடி முடித்த இரண்டாவது நிமிடத்தில் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நிற்கிற பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீ என்பது பெரும்பாலும் ஆளைவிட நீளமான, இரண்டு மூன்று விரல் அகலமே உள்ள பலகை. பூட்ஸின் முனை மட்டும் பலகையில் மாட்டியிருக்கும். குதிகால் தூக்கி வைக்க வசதியாக விடுபட்டிருக்கும். டி.வி.யில் மலைச்சரிவில் அம்பு போல இறங்குகிறார்களே, அது வேறு விளையாட்டு. இதில் இறக்கத்தோடு ஏற்றமும் உண்டு, மேடுபள்ளமும் உண்டு. சர்வதேசப் போட்டிப் பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்தான். வீரர் தன் உடம்பைத் தானே மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கைகளிலும் கோல் இருக்கும். ஒவ்வொரு தள்ளுக்கும் தொடை, இடுப்பு, வயிறு, முதுகு, தோள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒன்றரை கிலோமீட்டர் விரைவோட்டத்திலிருந்து 50 கிலோமீட்டர் வரை தூரங்கள் உண்டு. 2022-23 பருவத்திலிருந்து உலகக் கோப்பையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம்தான்.

இத்தனை தசைகளும் சேர்ந்து உழைப்பதால், ஒரு நிமிடத்தில் உடம்பு இழுத்துச் செலவழிக்கிற ஆக்சிஜனை அளந்தால் உலகின் மிக உயர்ந்த அளவுகள் சில இந்த விளையாட்டுக்காரர்களிடம்தான் கிடைக்கின்றன. இதயமும் நுரையீரலும்தான் இங்கே முதல் மூலதனம். பலகையும் பனியும் அதற்குப் பிறகு வருகின்றன.

இதற்குச் சாட்சி சொல்ல, பனியோடு சம்பந்தமே இல்லாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மேட்டூரில் தேங்கி, பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் வழியாக நம்மைத் தொட்டுப் போகிற காவிரி பிறக்கும் குடகு மாவட்டத்தைச் சேர்ந்தவர் பவானி தெக்கடா நஞ்சுண்டா. காப்பித் தோட்டமும் கனமழையும் உள்ள ஊர், பனி கிடையாது. என்.சி.சி. வழியாக மலையேற்றத்துக்குப் போனவர் அங்கிருந்து ஸ்கீயிங்குக்கு வந்தார். காஷ்மீரின் குல்மார்க்கில் தேசிய அளவில் தங்கம் வென்றார். உலக நார்டிக் ஸ்கீ சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக இறங்கினார். 2024இல் சிலி நாட்டில் 5 கிலோமீட்டர் போட்டியில் வெண்கலம் வாங்கினார். சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது. 2025இல் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டிலும் கலந்துகொண்டார். ஒரு கல்லூரி மாணவியின் என்.சி.சி. சீருடையில் தொடங்கிய பாதை இது. அந்தச் சீருடை நம் பள்ளிகளிலும் இருக்கிறது.

கென்யாவின் எல்டோரெட் பகுதியைச் சேர்ந்த பிலிப் போயிட் 800 மீட்டர் ஓட்டக்காரர். 1996இல் ஃபின்லாந்துக்குப் போய்த்தான் முதன்முதலாகப் பனியைப் பார்த்தார். இரண்டே ஆண்டில், 1998 நாகானோ ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் போட்டியில் நின்றார். நார்வேயின் பியோர்ன் டேலி தங்கம் வென்று ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்துத்தான் போயிட் கடைசி ஆளாக எல்லைக்கோட்டுக்கு வந்தார். அதுவரை டேலி அங்கேயே காத்திருந்து அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். போயிட் பிறகு தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். 2002, 2006 ஒலிம்பிக்குகளிலும் அவர் ஸ்கீ கட்டினார். கடைசியாக வந்தவருக்காகக் காத்திருந்து வரவேற்றவர் அந்த விளையாட்டின் அன்றைய மிகப் பெரிய வீரர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலிருந்து 2010இல் தாஷி லுண்டுப், 2014இல் நதீம் இக்பால், 2018இல் ஜகதீஷ் சிங் ஆகியோர் இதே விளையாட்டில் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். இந்தியாவில் இந்த விளையாட்டைப் பெருமளவு தாங்கி நிற்பது ராணுவமும் எல்லைக் காவல் படைகளும்தான். குல்மார்க்கில் உள்ள ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி அதற்கு முக்கியமான நாற்றங்கால். ஒலிம்பிக் போன அந்த மூவரில் யாரும் பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பது உண்மை. நார்வேயில் இரண்டு வயதில் பலகை கட்டிய ஆளோடு, வளர்ந்த பிறகு பலகை கட்டியவர் மோதுகிறார். அந்த இடைவெளி சில ஆண்டுப் பயிற்சியில் நிரம்பாது. நிரம்பாது என்று தெரிந்தும் ஓடி முடித்தார்கள்.

நார்வேயின் பெயரை எடுத்ததால் ஒரு கணக்கு. அந்த நாட்டின் மக்கள்தொகை இப்போது சுமார் 56 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம், நாமக்கல்லில் 17.3 லட்சம், ஆக 52 லட்சம். நம் இரண்டு மாவட்டங்கள் அளவே மக்கள் உள்ள நாடுதான் குளிர்கால ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் உலகத்துக்கே முதலிடத்தில் நிற்கிறது. பனியும் பணமும் அவர்களுக்கு இருக்கின்றன, நமக்கு இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகளை நடத்தும் விதத்துக்குப் பனியும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். 1987லிருந்தே அங்கே குழந்தைகளின் விளையாட்டுக்கென்று ஒரு விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது. பதின்மூன்று வயதுக்குக் கீழே தேசியச் சாம்பியன்ஷிப்பே கிடையாது. முதல் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தை அவர்கள் அந்த வயதில் அனுமதிப்பதில்லை.

அதனால் என்ன கிடைத்தது என்பதற்கு யோஹானஸ் கிளேபோவைப் பாருங்கள். 2025இல் சொந்த ஊரான ட்ரொண்ட்ஹெய்மில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறு போட்டிகளில் இறங்கி ஆறிலும் தங்கம் எடுத்தவர். பதின்ம வயதில் அவர் கூட இருந்தவர்களைவிடச் சிறிய உருவம். உடம்பு தாமதமாகத்தான் வளர்ந்தது. அப்போது அவரைத் தோற்கடித்த பிள்ளைகள் பலர். தாத்தாதான் பயிற்சியாளர். பலம் வரும் வரை நுட்பத்தைக் கற்றுக்கொடுத்துக் காத்திருந்தார். நம் ஊரில் அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு மைதானத்தைவிட்டே போயிருப்பான்.

பெண் பிள்ளைகளுக்கு மரித் பியோர்கன் கதையைச் சொல்லுங்கள். 2015இல் தாயானவர், 2018இல் 37 வயதில் பியோங்சாங் ஒலிம்பிக்கின் 30 கிலோமீட்டரில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் மொத்தம் 15 பதக்கம். நெடுந்தூர விளையாட்டில் உடம்பு முழுமை அடைவது பெரும்பாலும் இருபதுகளின் பின்பாதியில். பதினான்கு வயதில் ஒரு பெண்ணைப் பார்த்து இவளுக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்ட நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

நான் ராசிபுரத்துக்காரன். என் மகள் 3000 மீட்டர் ஓடுகிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். காலை வெயில் ஏறிவிட்டது. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்த மைதானம். முதல் மூன்று பெண்கள் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பெயர், பள்ளி, நேரம் எழுதிக்கொண்டார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு மைக்கில் அழைப்பு வந்துவிட்டது. நாலாவதாக வந்தவளிலிருந்து பின்னால் வந்த யாருடைய நேரத்தையும் யாரும் குறிக்கவில்லை. ஏழாவதாக ஒரு பெண் வந்தாள். மலைக்கிராமத்துப் பிள்ளை. வெறுங்கால். கடைசிச் சுற்றில் மட்டும் நான்கு பேரை முந்தியிருந்தாள். முடித்த கையோடு நேராக நடந்துபோய்த் தன் பையைத் தூக்கிக்கொண்டாள். மூச்சிரைப்பே இல்லை. அவள் எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்பது அவளுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு அவளைப் போட்டியில் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு விசிலோடும் ஒரு ஸ்டாப்வாட்சோடும் ஒரு நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள் நீங்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை நம்மிடம் இருக்கிறது, நம் கண்ணெதிரிலேயே கைநழுவிப் போகிறது என்பதைச் சொல்லத்தான் இது.

உங்களால் என்ன முடியும் என்று கேட்டால், நம் சேலம் மாவட்டமே பதில் சொல்லும். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய பிள்ளை. தாய் சைக்கிளில் காய்கறி விற்று வளர்த்தார். அந்தப் பையனை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் ஊனமில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.  பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையை உற்றுப் பார்த்தது மூன்று பாராலிம்பிக் பதக்கமாக வளர்ந்தது நம் மண்ணில்தான்.

சக்கரத்தில் தொடங்கும் வழியும் ஒன்று உண்டு. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரில் தங்கமும், 42 கிலோமீட்டர் மாரத்தானில் தங்கமும் வென்றார். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாலையில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுகிற பிள்ளைகள் நிறைய. ஸ்கீயிங்கின் ஃப்ரீஸ்டைல் முறையும் ஸ்கேட்டிங் மாதிரியே காலைப் பக்கவாட்டில் தள்ளிப் போவதுதான். பனி இல்லாத மாதங்களில் உலகின் முன்னணி வீரர்களும் ரோலர் ஸ்கீ என்ற சக்கரப் பலகையில் தார்ச் சாலையில்தான் பயிற்சி செய்கிறார்கள். கோலை ஊன்றிக்கொண்டு மலையேறி ஓடுவதும் அவர்களுடைய கோடைப் பயிற்சி. ஏற்காட்டுப் பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைப் பாதைக்கு 70. அவர்கள் தேடிப் போகிற ஏற்றம் நம் வாசலில் இருக்கிறது.

கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பணிபுரிகிற ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பள்ளிக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் ஏறி இறங்கியே வளர்கிற பிள்ளைகள் உங்களிடம் படிக்கிறார்கள். நெடுந்தூர விளையாட்டுக்கு வேண்டிய கால் அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தயார். அவர்களைக் கபடிக்கு ஆள் சேர்க்க மட்டும் பார்க்காதீர்கள்.

இனி, கையில் உள்ளதைக் கொண்டே செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்கிறேன்.

ஒன்று, ஒரு நோட்டு. ஆண்டுக்கு இரண்டு முறை ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளையும் வயதுக்கு ஏற்ற தூரம் நிதானமாக ஓடவிட்டு, ஒவ்வொருவர் நேரத்தையும் எழுதிவையுங்கள். யார் முதலில் வந்தார் என்பதைவிட, போன முறைக்கு இந்த முறை யார் முன்னேறினார் என்று பாருங்கள். தாமதமாக மலர்கிற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது அந்த நோட்டுதான்.

இரண்டு, மெதுவாக ஓடக் கற்றுக்கொடுங்கள். ஸ்கீ வீரர்கள் ஆண்டுக்கு எழுநூறு, எண்ணூறு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். அதில் பெரும்பகுதி, பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். நம் பிள்ளைகள் தினமும் நாக்குத் தள்ள ஓடி, ஒரு பருவத்திலேயே முட்டிவலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் கடினமாக ஓடினால் போதும். கான்கிரீட் சாலையைவிட மண்பாதை நல்லது. நம் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

மூன்று, பெண் பிள்ளைகளின் ரத்தம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவள் திடீரெனச் சோர்ந்தால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கவையுங்கள். நெடுந்தூர ஓட்டத்தில் மூச்சைத் தூக்கிச் செல்வது அந்த இரும்புதான்.

நான்கு, பெற்றோரிடம் உண்மையைப் பேசுங்கள். ஸ்கீயிங்கில் ஓர் இந்தியரின் வாழ்க்கை எளிதல்ல. பனிக்காலம் முழுக்க வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். சர்வதேசப் புள்ளி எடுக்க வெளிநாட்டில் ஓட வேண்டும். பலகையும் மெழுகும் பயணமும் லட்சங்களை விழுங்கும். ஆதரவாளர் கிடைப்பது அரிது. ஒலிம்பிக் கனவை விற்றுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அதே மூச்சுள்ள பிள்ளைக்கு 5000 மீட்டர், மாரத்தான், நடைப்போட்டி, சைக்கிள், மலையேற்றம், ராணுவம், காவல்துறை என்று பல கதவு திறந்திருக்கிறது. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதைத் தெரிந்துகொண்டால், பத்தாம் வகுப்பு வந்ததும் ஓட்டத்தை நிறுத்துகிற அப்பாக்களில் பாதிப் பேராவது யோசிப்பார்கள். நானும் ஒரு அப்பா என்பதால் சொல்கிறேன், எங்களிடம் இதை உட்கார்ந்து பேச ஆள் இல்லை. நீங்கள் பேசினால் கேட்போம்.

ஐந்து, உங்கள் பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது பி.டி. பீரியட்தான். கேட்கிற கணக்கு ஆசிரியருக்கு மறுப்புச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது. அந்த நாற்பது நிமிடம்தான் பல பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓட்டம். நீங்கள் மறுக்கும்போது பெற்றோர் நாங்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை எழுப்ப நான் தயார், மற்றவர்களையும் அழைத்து வருவேன்.

நம் மாவட்டங்களிலிருந்து ஒரு ஸ்கீ வீரர் வருவாரா என்று கேட்டால், வரலாம். குடகிலிருந்து ஒருவர் வந்துவிட்டாரே. வராமலும் போகலாம். அது என் கவலை அல்ல. 52 லட்சம் மக்கள் உள்ள இந்த மண்ணில் எத்தனை பிள்ளைகளுக்கு நீண்ட மூச்சு வாய்த்திருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருப்பதுதான் என் கவலை. இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டியிலிருந்து தொடங்குங்கள். 3000 மீட்டரில் கடைசிப் பிள்ளை வரும்வரை ஒருவர் ஸ்டாப்வாட்சோடு எல்லைக்கோட்டில் நிற்கட்டும். ஓடி முடித்த ஒவ்வொருவருடைய நேரமும் பள்ளிக்குப் போய்ச் சேரட்டும். எழுத ஆள் போதவில்லை என்றால் பெற்றோரைக் கூப்பிடுங்கள். பேனாவோடு வருகிறோம்.


நெடுந்தூரம் ஓடும் ஒரு பெண்ணின் தந்தை
ராசிபுரம், நாமக்கல் மாவட்டம்